சின்னப் பிள்ளையோடு லிங்க் வகுப்பில் சேர்வது எப்படி? (ஒன்ராறியோ)

லிங்க் (LINC) என்பது கனடா மத்திய அரசின் காசில் 1992 முதல் நடக்கும் இலவச ஆங்கில வகுப்பு. பிஆர் (நிரந்தர வதிவிடம்) உள்ளவர்களும் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்களும் சேரலாம். அகதி வழக்கு முடியாதவர்களுக்கும் சிட்டிசன் ஆனவர்களுக்கும் இடமில்லை. அவர்கள் கல்விச் சபைகள் நடத்தும் ஈஎஸ்எல் (ESL) என்ற ஆங்கில வகுப்பைக் கேட்கலாம்.

1. மதிப்பீட்டுக்கு நேரம் எடுங்கள்

நேரே லிங்க் நடத்தும் பள்ளிக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். முதலில் மொழி மதிப்பீட்டு நிலையத்துக்கு அழைத்து நாள் குறிக்க வேண்டும். டொரொன்டோப் பகுதியில் வைஎம்சிஏ (YMCA) என்ற அமைப்பு இதைச் செய்கிறது. பிஆர் காட் அல்லது லாண்டிங் பேப்பர் (பிஆர் கிடைத்தபோது தந்த பத்திரம்) கொண்டுபோங்கள். அரை நாள் ஒதுக்குங்கள், பிள்ளையை வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள்.

கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நாலுக்கும் உங்கள் ஆங்கில நிலையைக் காட்டும் தனித்தனி எண் தருவார்கள். ஊரில் படித்தவர்கள் பலருக்கு வாசிப்பு 5 வரும், பேச்சு 3-இல் நிற்கும். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதுதான் காரணம். “எப்படி வந்தீர்கள்?” என்றால் “பஸ்” என்று நிறுத்தாதீர்கள். “கென்னடியில் 86 ஏறினேன், சனம் கூட, நின்றுகொண்டுதான் வந்தேன்” என்ற அளவுக்காவது ஆங்கிலத்தில் இழுத்துச் சொல்லுங்கள். பிழை வந்தாலும் பரவாயில்லை. பாடமாக்கிக்கொண்டு போவது மட்டும் வேண்டாம். எண் கூடி, விளங்காத வகுப்பில் போய் இருப்பீர்கள்.

2. பிள்ளைக்கு இடம் பிடியுங்கள்

பலர் தடக்குப்படுவது இங்கேதான். லிங்க் நடக்கும் எல்லா இடத்திலும் பிள்ளை பராமரிப்பு கிடையாது. மதிப்பீடு முடிந்து பள்ளிகளின் பெயர் தரும்போதே, “பராமரிப்பு உள்ள இடம் வேண்டும், பிள்ளைக்கு 14 மாதம்” என்று வயதோடு சொல்லுங்கள். பிறகு பள்ளிக்கு அழைத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: என் நிலை வகுப்பில் இடம் இருக்கிறதா, இந்த வயது அறையில் இடம் இருக்கிறதா? ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போவது சாதாரணம். கைக்குழந்தைகளுக்கு ஊழியர் கூடுதலாகத் தேவை, அதனால் அந்த இடங்கள்தான் முதலில் நிரம்பும். இரண்டு மூன்று பள்ளிகளின் வெயிட்டிங் லிஸ்டில் பெயர் போட்டுவிடுங்கள்.

இந்த வருடம் 4 வயதாகும் பிள்ளை என்றால் செப்டெம்பரில் கிண்டர்கார்டன் போகலாம். பிள்ளை அங்கே இருக்கும் நேரத்தில் நீங்கள் பகல் வகுப்பு எடுத்தால் போதும், பராமரிப்பைத் தேடி அலைய வேண்டாம்.

3. தடுப்பூசிப் பதிவு

பராமரிப்பில் சேர்க்க இது கட்டாயம். இலங்கையில் தந்த சுகாதாரப் பதிவேட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதைக் குடும்ப வைத்தியரிடம் காட்டி ஒன்ராறியோவின் மஞ்சள் தடுப்பூசி அட்டையில் பதியச் சொல்லுங்கள். கொப்புளிப்பான் ஊசி இலங்கையின் அரச அட்டவணையில் இல்லை, இங்கே இருக்கிறது. அந்த இடைவெளியால் வகுப்பு தள்ளிப்போகும், ஆகவே பெயர் பதிந்த அன்றே வைத்தியருக்கு நேரம் எடுங்கள்.

4. முதல் கிழமைகள்

பராமரிப்பு வகுப்பு நேரத்துக்கு மட்டும்தான். பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் கடைக்குப் போக முடியாது, கட்டிடத்துக்குள்தான் இருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இருவரும் வீட்டில். காலையிலேயே அழைத்துச் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் நின்றால் இடம் போய்விடக்கூடும். பைக்குள் மாற்று உடுப்பு, உள்ளே போடும் சப்பாத்து, எல்லாவற்றிலும் பெயர். கச்சான் (நிலக்கடலை) சேர்ந்த எதுவும் வேண்டாம். மிக்சர் பாக்கெட்டையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

ஒன்லைன் வகுப்பும் உண்டு, ஆனால் அதற்குப் பராமரிப்பு இல்லை. மடியில் ஒரு வயதுப் பிள்ளையோடு கமராவுக்கு முன்னால் இருந்து பேச்சுப் பழகுவது கஷ்டம். கிடைத்தால் நேரடி வகுப்பையே எடுங்கள்.

5. பைண்டர்

வகுப்பில் ஒரு தடித்த பைண்டர் தருவார்கள். செய்த பயிற்சிகளைத் திகதி போட்டு அதற்குள் வையுங்கள், நிலை ஏற்றுவது அதைப் பார்த்துத்தான். வீட்டில் பிள்ளையின் கிறேயோனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பேச்சிலும் கேட்டலிலும் நிலை 4-ஐ முடித்ததற்கு வரும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். 18 முதல் 54 வயதுக்காரர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது மொழிச் சான்றாக அது செல்லும், காசு கட்டித் தனிப் பரீட்சை எடுக்கத் தேவையில்லை.