எஞ்சிய காரணி என்னும் பொறி: பெரிய பகு எண்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய எண்களைக் காரணிப்படுத்தக் கற்பவர்களின் நிரல்களைச் சரிபார்த்துக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். 1-ஐப் பகா எண்களோடு சேர்த்துவிடுவது, ஓர் இலக்கத்தை விட்டுவிடுவது போன்ற பிழைகள் தாமே வெளிப்பட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. விடை சரியாக இருப்பதுபோல் தோன்றிப் பல நாள் கழித்துக் காலை வாரும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை நானும் செய்தவை.

எஞ்சியதைப் பகா எண் என்று முடிவுகட்டுவது

சிறிய காரணிகளையெல்லாம் வகுத்து எடுத்தபின் மிஞ்சும் பெரிய எண்ணை, ஒரே ஒரு சோதனையை மட்டும் செய்துவிட்டுப் பகா எண் என்று குறித்துக்கொள்வதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2²⁹−1, அதாவது 536870911 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இதை 233 மீதியின்றி வகுக்கும், ஈவு 2304167. ஓர் எண் n பகா எண்ணாக இருந்தால், அடிமானமாக எடுத்த எண்ணின் (n−1)-ஆம் அடுக்கை n-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும்; அதைப் பார்ப்பதுதான் ஃபெர்மா சோதனை. இந்த ஈவை 2-ஐ அடிமானமாகக் கொண்டு அதற்கு உட்படுத்தினால், 2-இன் 2304166-ஆம் அடுக்கை 2304167-ஆல் வகுக்கும்போது மீதி 1 என்றே வரும். உடனே "பகா எண்" என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது 1103 × 2089.

இது தற்செயலன்று. p ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால், 2ᵖ−1 என்ற எண்ணின் ஒவ்வொரு வகுத்தியும் p-ஆல் வகுக்கப்படும்போது மீதி 1-ஐயே தரும். ஆகவே அந்த வகுத்தி பகு எண்ணாக இருந்தாலும் 2-ஐக் கொண்டு செய்யும் ஃபெர்மா சோதனையில் கட்டாயம் தேறிவிடும். நம் 2304167, அதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையிலும் 2-ஐ மட்டும் வைத்துப் பார்த்தால் தப்பிவிடுகிறது. 3-ஐக் கொண்டு சோதித்திருந்தால் அங்கேயே அகப்பட்டிருக்கும்.

2-இன் அடுக்குகளைக் கணினி விரைவாகப் போட்டுவிடும் என்ற சோம்பலில், இத்தகைய எண்களுக்கு ஆய்லர் சார்பின் (ஓர் எண்ணைவிடப் பெரிதாகாமல், அதனோடு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று சொல்லும் சார்பு) மதிப்புகளைக் கொண்ட ஒரு நீண்ட அட்டவணையை நான் இப்படித்தான் தயாரித்தேன். காரணிகளைத் திரும்பப் பெருக்கிப் பார்த்தபோதெல்லாம் மூல எண் சரியாகவே வந்தது. வராமல் எப்படி இருக்கும், பிரிக்காத காரணியும் பெருக்கலில் சரியாகத்தானே நிற்கும்! மேலே சொன்ன எண்ணுக்கு 8 வகுத்திகள் இருக்க, என் முறை 4 என்று காட்டும். ஆய்லர் மதிப்பில் 1102 × 2088 வரவேண்டிய இடத்தில் 2304166 வந்து உட்கார்ந்துகொள்ளும். அட்டவணையிலுள்ள மதிப்பை 3-இன் அடுக்காக வைத்து மூல எண்ணால் வகுத்தபோது, ஆய்லர் தேற்றப்படி வரவேண்டிய மீதி 1 வராததைப் பார்த்த பிறகே விழித்துக்கொண்டேன். மூன்று வார வேலை வீணாயிற்று.

பல அடிமானங்களைப் பயன்படுத்துங்கள். 2, 3, 5, 7 ஆகிய நான்கும் போதும் என்பவர்களுக்கு 3215031751 என்ற பகு எண்ணை அறிமுகப்படுத்துகிறேன். மில்லர்-ராபின் சோதனையில் அது இந்த நான்கையும் ஏமாற்றிவிடும். 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களையும் அடிமானமாகக் கொண்டால், 2⁶⁴-க்கு உட்பட்ட எந்தப் பகு எண்ணும் தப்பாது.

பகு எண் என்று தெரிந்ததும் காரணி கைக்கு வந்ததாக எண்ணுவது

இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். 1644-இல் கணித அறிஞர் மெர்சென் 2⁶⁷−1-ஐப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்திருந்தார். அது பகு எண் என்று 1876-இல் லூக்கா காட்டினார், ஆனால் எந்தக் காரணியையும் அவர் தரவில்லை. 193707721 × 761838257287 என்ற பிரிப்பைக் கோல் வெளியிட்டது 1903-இல்தான்.

561-ஐ அபூர்வ விதிவிலக்கு என்று ஒதுக்குவது

561 பகு எண்தான்; ஆனாலும் அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தைக் கொண்டு செய்தாலும் ஃபெர்மா சோதனையில் தேறிவிடும். அத்தகைய எண்களைக் கார்மைக்கேல் எண்கள் என்பார்கள்; அவை முடிவிலியாக உள்ளன என்பது 1994-இல் நிறுவப்பட்டுவிட்டது.

பெரிய எண்ணை மிதவைப் புள்ளியில் வைப்பது

9007199254740993 என்று கொடுத்தால் 64 பிட் மிதவைப் புள்ளி (குறிப்பிட்ட அளவு இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும் கணினி எண் வடிவம்) 9007199254740992 என்று வாங்கிக்கொள்ளும். நீங்கள் வேறோர் எண்ணைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுக்கை முழுதாகப் போட்டபின் மீதி எடுப்பது

மேலே சொன்ன சோதனைகளில் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் மீதி எடுங்கள்; இல்லையேல் இடையில் வரும் எண் கணினியில் அடங்காத அளவுக்குப் பெருத்துவிடும்.