ஜி.எஸ்.பி. பிளஸ் குழுவுக்கு இரண்டு பக்கம் எழுதுவது எப்படி

வவுனியாவில் நான் செய்வது தட்டச்சும் மொழிபெயர்ப்பும். கைதிகளின் மனைவிமார், காணாமலாக்கப்பட்டோரின் அம்மாக்கள், கார்மென்ட்ஸில் வேலை செய்யும் பிள்ளைகள் என்று யாராவது ஒரு பொலித்தீன் பை நிறையக் கடதாசிகளோடு வருவார்கள். "தங்கச்சி, ஐரோப்பாக்காரர் வருகினமாம். நாங்களும் ஒண்டு எழுதிக் குடுப்பம்." எழுதிக் கொடுப்பேன். ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற வரிச்சலுகைக்காக அரசு கொடுத்த வாக்கைக் காக்கிறதா என்று பார்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுப்பும் கண்காணிப்புக் குழுதான் இந்த ஐரோப்பாக்காரர்.

முதல் தடவை நான் எழுதியது 43 பக்கம். 1983இல் தொடங்கி முள்ளிவாய்க்கால் வரை எல்லாம் இருந்தது. சந்திப்பில் வந்திருந்த அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒரு கேள்விதான் கேட்டார்: "இதில் மீறப்பட்டது எந்த உடன்படிக்கை?" என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவற்றைத்தான் கீழே எழுதுகிறேன்.

விசயம் இதுதான். வெளிநாட்டுச் சட்டை ஒன்று ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போனால் வழக்கமாக 12 வீதம் சுங்கவரி. வளர்ந்துவரும் நாடுகளுக்கான சாதாரண ஜி.எஸ்.பி. சலுகை உள்ள நாட்டுக்கு 9.6. பிளஸ் கிடைத்த நாட்டுக்குப் பூச்சியம். அந்தப் பூச்சியத்துக்காக இலங்கை அரசு 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. அதில் 15 மனித உரிமையும் தொழிலாளர் உரிமையும். மிச்சம் சுற்றுச்சூழல், போதைப்பொருள், ஊழல் பற்றியவை. அவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. உடன்படிக்கைகளை மதித்து நடக்கிறோம் என்று நிரூபிக்கும் பொறுப்பை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதி சலுகை பெறும் நாட்டின் தலையில்தான் வைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் வழக்கறிஞர் மாதிரி எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அரசு பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு கேள்வியை எழுப்பினால் போதும்.

அதற்கு முதலில் உடன்படிக்கையைப் பிடியுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1979ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்குக் குறையாத பதவியில் உள்ளவரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றில் சாட்சியமாக ஏற்க இடம் கொடுக்கிறது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 15ஆம் உறுப்புரையோ, அடித்து வாங்கிய வாக்குமூலத்தைச் சாட்சியமாகப் பாவிக்கக் கூடாது என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே உங்கள் மகனுக்கு நடந்ததை எழுதுங்கள்.

கார்மென்ட்ஸ் பிரச்சினை என்றால் பாதை வேறு. ஊழியர்களில் நூற்றுக்கு 40 பேர் சேராத சங்கத்தோடு முதலாளி பேசத் தேவையில்லை என்பது எங்கள் நாட்டுச் சட்டம். அதைக் கூட்டுப் பேரம்பேசல் பற்றிய, சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 98ஆம் சமவாயத்தோடு வைத்து எழுத வேண்டும். அந்த 40 வீதம் சேரும் முன்னமே சங்கம் தொடங்கியவளுக்கு வேலை போயிருந்தால் அதுதான் உங்கள் கதை.

அடுத்து, ஐ.நா. குழுக்களும் ஐ.எல்.ஓ. நிபுணர்களும் இலங்கை பற்றி ஏற்கனவே சொன்னதைத் தேடுங்கள். பிரசல்ஸில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய அதிகாரிகள் கணக்கில் எடுப்பது பெரும்பாலும் அந்த முடிவுகளைத்தான். எனக்கும் இது பிந்தித்தான் விளங்கியது. உங்கள் கதையை அப்படி ஒரு வசனத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது தனி ஒருவரின் அழுகையாகப் போகாது. இன்னொரு பக்கம், அந்தக் குழுக்கள் அடுத்த தடவை இலங்கையை ஆராயும்போது அங்கேயும் இதே இரண்டு பக்கத்தை அனுப்பலாம். ஒரே சமையல், இரண்டு பந்தி.

இனி எழுத்து. தேதி, இடம், பொலிஸ் நிலையம், வழக்கு இலக்கம், உள்ளே இருந்த நாட்கள். "பல மாதங்கள்" என்று எழுதாதீர்கள்; 214 நாள் என்றால் 214 என்றே எழுதுங்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 ஜூன் 10இல் இலங்கை பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தைப் பாருங்கள். தமிழில் கவிதை எழுதியதற்காகப் பிடிக்கப்பட்ட மன்னார் ஆசிரியர் அஹ்னாஃப் ஜசீமின் பெயர் அதில் இருக்கிறது, கைதான தேதியோடு. 2021 டிசம்பரில் அவருக்குப் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில் வழக்கிலிருந்தே விடுதலையானார்.

அவர் பெயர் உலகத்துக்கே தெரிந்தது. நீங்கள் எழுதப்போகிறவரின் பெயர் அப்படியல்ல. சம்மதம் கேட்காமல் ஒருவரின் பெயரையும் போடாதீர்கள். நான் "அ", "ஆ" என்று போட்டு, உண்மைப் பெயர்களைத் தனிக் கொப்பியில் வைப்பேன். ஊர்ப் பெயரைக்கூடச் சில நேரம் மாவட்டமாக மாற்றுவேன். சின்ன ஊரில் தொழிலையும் வயதையும் சொன்னாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள். சந்திப்பு முடிந்து ஒரு கிழமைக்குள் "என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டு வீட்டு வாசலில் ஆள் நிற்பது இங்கே புதிதில்லை.

கடைசிப் பந்திதான் ஆகக் கடினம்: என்ன கேட்பது? கூட்டங்களில் "சலுகையை நிறுத்து" என்றுதான் சத்தம் எழும். அது நடந்தும் இருக்கிறது. 2010 ஆகஸ்ட் 15இல் நிறுத்தினார்கள், 2017 மே 19இல்தான் திரும்பக் கொடுத்தார்கள். என் பக்கத்து வீட்டுப் பிள்ளை இருட்டோடு பஸ் ஏறிக் கார்மென்ட்ஸுக்குப் போகிறவள். வரி ஏறினால் அடி முதலில் விழுவது அவளுக்கு. அமைச்சர் வீட்டில் அன்றைக்கும் சோறு வேகும். அதனால் நான் எடுத்த உடனே நிறுத்தச் சொல்லி எழுதுவதில்லை. நிறுத்தலாம் என்ற பயம் இருக்கும்போதே ஒரு குறிப்பிட்ட காரியத்தைத் தவணையோடு கேட்பேன். 2021 தீர்மானத்துக்குப் பிறகு, 2022 மார்ச்சில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்தித் தடுப்புக்காவலின் உச்சத்தை 18 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைத்தார்கள். அற்பம் என்று திட்டியவர்கள் உண்டு. உள்ளே இருப்பவனுக்கு ஆறு மாதம் அற்பமா? ஆனால் 16ஆம் பிரிவை அந்தத் திருத்தம் தொடவில்லை. ஆகவே கேளுங்கள்: பழைய சட்டமோ அதற்குப் பதில் கொண்டுவரும் புதிய சட்டமோ, பொலிஸ் ஒப்புதல் சாட்சியமாகாது என்று இன்ன மாதத்துக்குள் எழுத்தில் வரவேண்டும்.

அனுப்புவது லேசு. கொழும்பில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், பின்னிணைப்பாகத் தமிழ் மூலம். கண்காணிப்புக் குழு வரும் செய்தி பத்திரிகையில் வந்தபிறகு ஓடினால் பிந்திவிடும். 2025இல் அவர்கள் ஏப்ரல் கடைசியில் வந்து மே முதல் கிழமையில் போய்விட்டார்கள். பிரசல்ஸில் முறைப்பாடு எடுக்கும் தனி வாசல் ஒன்று 2020இலிருந்து இருக்கிறது. ஆனால் அதில் நுழைய ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிந்த அமைப்போ, அங்கே குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள ஒருவரோ வேண்டும். பாரிஸிலோ ஜெர்மனியிலோ உங்கள் ஊர்ச் சங்கம் இருந்தால் கோயில் திருவிழாக் காசோடு இதையும் கேட்டுப் பாருங்கள்.

அனுப்பிய பிறகு, கிடைத்தது என்று வரும் மின்னஞ்சலை அச்செடுத்துக் கோவையில் போடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடுத்த ஜி.எஸ்.பி. அறிக்கை வெளிவந்ததும் இலங்கைப் பகுதியைத் தேடி வாசியுங்கள். உங்கள் விசயம் அரை வரியாக வந்திருந்தாலும் அந்த அம்மாவிடம் கொண்டுபோய்த் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். வராவிட்டாலும் போய்ச் சொல்லுங்கள், அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.