ஃபர்னஸ் குளிர்காற்று ஊதினால்: ஃபேன் முள்ளும் லிமிட் முள்ளும்

டொராண்டோப் பக்கம் பழைய வீட்டில், குறிப்பாக பேஸ்மென்டில் குடியேறியவர்கள் முதல் குளிர்காலத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஹீட்டர் ஓடுது, ஆனா குளிர்காத்து வருதே?" வீட்டுக்குச் சூடான காற்றை அனுப்பும் எரிவாயு இயந்திரமான ஃபர்னஸ் பழுது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முதலில் சூட்டைக் கூட்டிக் குறைக்கச் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். ஃபேன் 'ஆன்' என்ற இடத்தில் இருந்தால், நெருப்பு அணைந்த பிறகும் காற்று ஓயாமல் வரும். சூடில்லாத காற்று உடம்பில் பட்டால் குளிரத்தான் செய்யும். அதை 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள். பலருக்குப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் ஃபர்னஸிடம் போக வேண்டும். பழைய ஃபர்னஸின் முன்பக்கம் உள்ளங்கையளவு உலோகப் பெட்டி ஒன்று திருகப்பட்டிருக்கும். ஃபேனையும், அளவுக்கு மீறிச் சூடானால் நெருப்பை நிறுத்தும் 'லிமிட்' என்ற பாதுகாப்பு எல்லையையும் சேர்த்துக் கவனிக்கும் சுவிட்ச் அது. மூடியைக் கழற்றினால் எண்கள் பொறித்த வட்டத் தட்டும் அதைச் சுற்றி மூன்று முட்களும் தெரியும். தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சுருள் தகடு சூடான காற்றுக்குள் நீண்டிருக்கிறது. சூடு ஏற ஏற அந்தச் சுருள் முறுக்கிக்கொண்டு தட்டைத் திருப்பும். கனடாவாக இருந்தாலும் எண்கள் ஃபாரன்ஹீட்டில்தான் இருக்கும்.

இடப்பக்க முள் ஃபேன் நிற்கும் சூடு, நடு முள் ஃபேன் தொடங்கும் சூடு, வலப்பக்க முள் லிமிட். பல வீடுகளுக்கு ஃபேன் நிற்பது 90 முதல் 100, தொடங்குவது 120 முதல் 130 என்று வைத்தால் சரியாக வரும். நெருப்புப் பற்றியதும் முதலில் குளிர்காற்று அடிக்கிறதா? நடு முள்ளைக் கொஞ்சம் பெரிய எண்ணுக்கு ஏற்றுங்கள். ஓட்டத்தின் கடைசியில் குளிர்ந்த காற்று வருகிறதா? இடது முள்ளை ஏற்றுங்கள். நெருப்பு அணைந்த பிறகு ஃபேன் நின்று, மறுபடி ஓடி, மறுபடி நின்றால் இரண்டு முட்களும் நெருங்கிவிட்டன என்று அர்த்தம். உலோகத்தில் தங்கிய மிச்சச் சூடுதான் ஃபேனை மறுபடி கிளப்புகிறது. இடது முள்ளை இறக்கினால் இந்த விட்டுவிட்டு ஓடுவது நின்றுவிடும். இரண்டுக்கும் 25 டிகிரியாவது இடைவெளி விடுங்கள்.

கை வைக்கும் முன் ஃபர்னஸ் பக்கத்திலிருக்கும் மின்சுவிட்சை அணைத்துவிடுங்கள். அந்தப் பெட்டிக்குள் 120 வோல்ட் ஓடுகிறது. ஒரு கை விரல்களால் வட்டத் தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் முள்ளை மட்டும் 5 டிகிரி நகர்த்துங்கள். தட்டைத் திருப்பிவிட்டால் பின்னாலுள்ள சுருள் வளைந்துபோகும். அதன்பிறகு அது காட்டும் எண்ணை நம்ப முடியாது, சுவிட்சையே மாற்ற வேண்டியதுதான். சில பெட்டிகளில் சின்ன வெள்ளைக் குமிழ் ஒன்றும் இருக்கும். உள்ளே அழுத்தியிருந்தால் ஃபேன் நிற்காமல் ஓடும், வெளியே இழுத்தால் தானியங்கி. சாமான் அடுக்கும்போது யாராவது தெரியாமல் அழுத்தியிருப்பார்கள், அதையும் பாருங்கள். மூடியைப் போட்டு, மின்சாரம் கொடுத்து, இரண்டு மூன்று தடவை ஓடவிட்டுக் கவனித்த பிறகே அடுத்த 5 டிகிரி.

லிமிட் முள்ளைத் தொடவே வேண்டாம். அது எங்கே நிற்க வேண்டும் என்பது ஃபர்னஸில் ஒட்டிய தயாரிப்பாளர் தகட்டில் இருக்கும். பல ஃபர்னஸ்களில் 200 டிகிரி, அதாவது ஏறக்குறைய 93 செல்சியஸ். அந்தச் சூடு வந்ததும் அது எரிவாயுவை நிறுத்திவிடும். வீடு சூடாகாமலே நெருப்பு அணைந்து அணைந்து எரிந்தால் லிமிட் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். முள்ளை ஏற்றி அதன் வாயை அடைத்தால், நெருப்பின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும், உள்ளிருக்கும் வெப்பமாற்றி அளவுக்கு மீறிச் சூடாகி நாளடைவில் வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியாகக் கார்பன் மோனாக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படுக்கையறைப் பக்கம் அதைக் கண்டறியும் அலாரம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

லிமிட் அடிக்கடி விழுவதற்கு, அதாவது நெருப்பை நிறுத்துவதற்கு, முதல் காரணம் காற்றோட்டம் குறைவது. அதிலும் முதலிடம் ஃபில்டருக்கு. தாளிப்பும் பொரியலும் சாம்பிராணியும் உள்ள நம் வீடுகளில் பாக்கெட்டில் போட்டிருக்கும் மூன்று மாதக் கணக்கை நம்பாதீர்கள். குளிர்காலத்தில் மாதம் ஒரு தடவை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்ற வேண்டும். விளிம்பில் அச்சிட்ட அளவையே வாங்குங்கள், அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்கட்டும். காற்றை உள்ளிழுக்கும் கிரில்லின் மேல் சோபாவோ கம்பளமோ கிடந்தால் நகர்த்துங்கள். செலவு மிச்சம் என்று ஆளில்லாத அறைகளின் காற்றுவாய்களையெல்லாம் மூடுவதும் இதே வினையைத்தான் கொண்டுவரும். இத்தனையும் சரியாக இருந்தும் லிமிட் விழுந்தால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஃபேன் சக்கரத்தில் அழுக்கு அப்பியிருக்கலாம். அது டெக்னீஷியன் வேலை.

புதிய ஃபர்னஸில் இந்த முட்களே கிடையாது. ஃபேன் எத்தனை விநாடி கழித்து நிற்க வேண்டும் என்பதைச் சர்க்கிட் போர்டு பார்த்துக்கொள்ளும்; லிமிட் மாற்ற முடியாதபடி ஆலையிலேயே நிர்ணயித்தது. போர்டில் ஒரு விளக்கு எத்தனை தடவை மினுங்குகிறது என்று எண்ணி, கதவின் உட்பக்க அட்டவணையோடு ஒப்பிட்டு, அந்த எண்ணை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் இதில் எதையும் தாங்களாகத் திறக்க வேண்டியதில்லை. வெப்பம் தருவது வீட்டுக்காரர் கடமை, எழுத்தில் கேளுங்கள். ஒன்ராறியோவில் எரிவாயு வேலைக்கு, மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏவின் உரிமம் உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும், "தெரிஞ்ச பொடியன் பாப்பான்" என்பது இதற்கு உதவாது. வாயு மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, வெளியே நின்று 911 அழையுங்கள்.