பாரிஸ் மரே ஏரியால பழைய மாளிகைங்கள எப்படி சுத்திப் பாக்குறது

மரேக்கு போறவங்க பாதி பேர் கடை கடையா ஏறி இறங்கிட்டு திரும்பிடுறாங்க, பக்கத்துலயே 17ஆம் நூற்றாண்டு பிரபு வீட்டு கதவு தொறந்து கெடக்கும், யாரு கண்ணுலயும் படாது. ஏன்னா அந்த ஆளுங்க வீட்ட தெருவுக்கு காட்ட மாட்டாங்க. தெருப்பக்கம் உசரமான சுவரு, குதிரை வண்டி நுழையுற அளவு மரக்கதவு, உள்ள முற்றம், அதத் தாண்டிதான் வீடு, வீட்டுக்குப் பின்னாடி தோட்டம். ஸோ கதவு தொறந்திருந்தா எட்டிப் பாருங்க, கூச்சமே படாதீங்க.

மெட்ரோ 1ஆம் லைன்ல சேன் போல் ஸ்டேஷன்ல இறங்கி சேன் அந்துவான் தெருவுல பாஸ்டீல் பக்கமா நடங்க, 62ஆம் நம்பர் சுல்லி மாளிகை. 1634ல பிரான்ஸ் ராஜா நாலாம் ஹென்றியோட பழைய மந்திரி சுல்லி வாங்கினது. முற்றத்துக்கு டிக்கெட் கிடையாது. சுவத்துல பருவங்களையும் பூதங்களையும் ஆள் உருவமா செதுக்கியிருப்பாங்க (நமக்கு அஞ்சு பூதம், அவங்களுக்கு நாலுதான்). அப்படியே தோட்டத்துக்குப் போங்க, கடைசி மூலையில ஒரு சின்ன கதவு, அதுல நுழைஞ்சா நேரா வோஜ் சதுக்கம், முதல் தடவ போறவங்க இந்த வழியாத்தான் போகணும்னு சொல்வேன்.

இந்த சதுக்கம் இருக்குற எடத்துல முன்னாடி ஒரு அரண்மனை இருந்துச்சு, 1559ல ராஜா ரெண்டாம் ஹென்றி ஈட்டிப் போட்டியில கண்ணுல அடிபட்டு அங்கதான் செத்தாரு, அவரோட ராணி கத்தரீன் அந்த அரண்மனைய இடிக்கச் சொல்லிட்டாங்க, அப்புறம் நாலாம் ஹென்றி 1605ல ஆரம்பிச்ச சதுக்கம் 1612ல முடிஞ்சுது. சுத்தி 36 வீடு, எல்லாத்துக்கும் ஒரே முகப்புன்னு கண்டிஷன். செங்கல்ல கிட்டப் போய் பாருங்க, சில வீட்டுல அது செங்கலே இல்ல, சாந்து பூசி செங்கல் மாதிரி பெயின்ட் அடிச்சது. பிரபு வீட்டுலயும் பட்ஜெட் பிரச்சன இருந்திருக்கு!

1682ல அரசவை பாரிஸுக்கு வெளிய இருக்குற வெர்சாய் போனதும் பெரிய ஆளுங்களும் மெதுவா எடத்த மாத்திட்டாங்க, பிரெஞ்சுப் புரட்சிக்கப்புறம் முற்றத்துலயெல்லாம் பட்டறையும் ஷெட்டும் வந்துடுச்சு, 1962ல கலாச்சார மந்திரி மால்ரோ கொண்டுவந்த பழைய ஏரியாங்களப் பாதுகாக்குற சட்டம்தான் இந்த ஏரியாவக் காப்பாத்துச்சு.

உள்ள போய் அறைங்களும் பாக்கணும்னா கார்னவாலே மியூசியம், 1677லேர்ந்து கடிதங்களுக்குப் பேர்போன எழுத்தாளர் மதாம் த செவிஞே வாடகைக்கு இருந்த மாளிகை, நிரந்தர கலெக்‌ஷனுக்கு காசு வாங்க மாட்டாங்க. திங்கக்கிழம லீவு.