மெகாபிட்டா, மெகாபைட்டா? இணைய வேகத்தைக் கணக்கிடும் முறை

மொரீஷியஸில் ஃபைபர் இணைப்பு எடுத்தால் ஒப்பந்தத்தில் இருப்பது மெகாபிட். பதிவிறக்கத்தின்போது திரையில் ஓடுவது பெரும்பாலும் மெகாபைட். சுருக்கக் குறியில் சிறிய ‘பி’ (b) என்றால் பிட், பெரிய ‘பி’ (B) என்றால் பைட். பிரெஞ்சுத் திரைகளில் வரும் ‘ஆக்டே’யும் பைட்தான். 8 பிட் ஒரு பைட். வினாடிக்கு 100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட்.

அந்த 12.5 முழுதாகக் கைக்கு வராது. ஒவ்வொரு பாக்கெட்டோடும் (தரவுத் துண்டோடும்) முகவரி விவரங்களும் போவதால் சுமார் 5 சதவீதம் கழிந்து 11.9 மிஞ்சும். மேலும், விண்டோஸ் ஒரு மெகாபைட்டை 10,00,000 பைட்டாக அல்லாமல் 10,48,576 பைட்டாக (1024 × 1024) எண்ணுகிறது. ஆகவே அதில் 11.3 தெரிந்தால் இணைப்பில் குறையே இல்லை. 5 மட்டும் தெரிந்தால்? வைஃபையை விட்டு, கேபிள் செருகிப் பாருங்கள். அதன்பிறகு புகார் செய்யலாம்.

நேரம் கணக்கிட, 4 ஜிகாபைட் கோப்பை 8-ஆல் பெருக்குங்கள்: 32,000 மெகாபிட். அதை 100-ஆல் வகுத்தால் 320 வினாடி; கழிவோடு ஐந்தரை நிமிடத்துக்குச் சற்று மேல்.

தொலைத்தொடர்பில் கிலோ, மெகா, ஜிகா எல்லாம் ஆயிரத்தின் மடங்கே. இங்கே 1024-ஐ நுழைக்காதீர்கள். மொரீஷியஸ், ரீயூனியனைத் தென்னாப்பிரிக்காவோடு இணைக்கும் மெட்டிஸ் கடலடிக் கேபிளின் 24 டெராபிட் என்பது 24,000 ஜிகாபிட், அதாவது வினாடிக்கு 3 டெராபைட்.