வாசிப்புச் சோதனை: பிழைகளை எண்ணினால் போதாது, என்ன பிழை என்று பாருங்கள்

2022-இல் சிறு வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புக்கும் கணக்குக்குமாகத் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து, திறனுக்கேற்பப் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பெற்றோர்களுக்குக்கூடப் பழகிவிட்டன. குழந்தையை வாசிக்கச் சொல்லிச் சோதிப்பது நல்ல வழக்கம். ஆனால் சோதித்த மறுநாள் அந்தக் குழந்தைக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் விதம் கொஞ்சமும் மாறவில்லையென்றால், சோதித்த நேரம் வீண். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தடுமாறும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களும் மாலை வகுப்புத் தன்னார்வலர்களும் இதில் எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

பெரிய தவறு, நிலையை மட்டும் குறித்துக்கொண்டு தாளை மூடி வைப்பது. 'பாட்டி கூடையில் கொய்யாப்பழம் கொண்டு வந்தாள்' என்ற வரியை மூன்று பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி 'கொய்யா'வைக் 'கெய்யா' என்கிறாள். இன்னொருவன் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு, 'கூடையில்' என்பதைக் 'கூட்டில்' என்று ஊகித்துவிட்டுப் போகிறான். மூன்றாவது பிள்ளை எல்லா எழுத்தையும் சரியாகச் சொல்கிறது, ஆனால் 'கூ... டை... யி... ல்' என்று சொல்லி முடித்ததும் அது என்ன சொல் என்று கேட்டால் விழிக்கிறது. மூவரும் பதிவேட்டில் ஒரே நிலையில் இருப்பார்கள். முதல் பிள்ளைக்கு உயிர்மெய்க் குறி பிடிபடவில்லை. இரண்டாவது பிள்ளையைச் சொல்லின் கடைசி வரை பார்க்கப் பழக்க வேண்டும். மூன்றாவதற்கு எழுத்துகளைச் சேர்த்து ஒலிக்கும் பயிற்சி வேண்டும். மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பத்துச் சொற்களைப் பத்துத் தடவை எழுதச் சொன்னால் யாருக்குமே உதவாது.

நாடு முழுவதும் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும், 2005-இல் தொடங்கிய அசர் (ASER) ஆய்வின் தாளையும் பலர் இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படி. ஐந்து எழுத்தில் நான்கைச் சரியாகச் சொன்னால் அந்தப் படியைத் தாண்டியாகிவிட்டது. ஒரு மாவட்டத்தின் நிலைமையை அறிய அது அருமையான கருவி. தவறவிட்ட அந்த ஐந்தாவது எழுத்து எது, ஏன் தவறியது என்பதை நாம்தான் கேட்டுக் குறிக்க வேண்டும்.

குறிப்பது எளிது. வாசிக்கக் கொடுக்கும் பத்திக்கு இன்னொரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும். குழந்தை மாற்றிச் சொன்னதை அந்தச் சொல்லுக்கு மேலே அப்படியே எழுதுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். மூன்று நான்கு நொடி திணறினால் சொல்லைச் சொல்லிக்கொடுத்து, அதன் கீழ் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகலாம். ஐந்து நிமிடம் ஆகும். இதைத் தனியாக உட்கார்ந்து செய்யுங்கள். வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும்போது வாசிக்கச் சொன்னால், தெரிந்ததையும் வாய்க்குள்ளேயே முழுங்கிவிடுவார்கள்.

அப்படிக் குறித்துப் பார்த்தால் தமிழில் பிழைகள் ஓரிடத்தில் கூடுவது தெரியும். 247 எழுத்தும் தெரியாமல் தடுமாறுகிற குழந்தை குறைவு. சிக்கல் பெரும்பாலும் குறிகளில்தான். கெ, கே, கை ஆகியவற்றில் உயிரொலி பின்னால் வருகிறது, குறியோ முன்னால் நிற்கிறது. கொ, கோ இரண்டிலும் இரு பக்கமும் குறி. கு, சு, து மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன. இங்கே தவறுகிற பிள்ளையை மறுபடி 'அ'விலிருந்து ஆரம்பிக்க வைப்பது கொடுமை. தெரிந்ததையே மாதக்கணக்கில் படித்து அதற்குச் சலித்துவிடும். கொடி-கோடி, பெட்டி-பேட்டி, தொடு-தோடு என்று குறில் நெடில் இணைகளைத் தினம் பத்து நிமிடம் வாசிக்க வையுங்கள், அப்புறம் அவை வரும் சின்ன வாக்கியங்களுக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு இது ஒன்றே போதும்.

எதைப் பிழையாகக் குறிக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்துக் குழந்தை 'இலை'யை 'எலை' என்றோ, 'வீடு' என்பதை 'ஊடு' என்றோ வாசித்தால், எழுத்தைப் பார்த்துப் பொருளும் பிடித்துத் தன் பேச்சில் சொல்கிறது என்று அர்த்தம். 'நிரம்ப' என்றிருப்பதை 'நெம்ப' என்று வாசிக்கிற பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம். ழகரத்தை ளகரமாகச் சொல்வதும் அப்படியே. அதை உச்சரிப்புப் பயிற்சியில் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். 'கொடி'யைக் 'கோடி' என்று வாசித்தால் அது எந்த ஊர்ப் பேச்சிலும் வராது, அதுதான் பிழை.

இன்னொன்று இங்கே மிக முக்கியம். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிகளில் படிக்கிறார்கள். தாளவாடி மலையில் பல வீடுகளில் கன்னடம். தறிக்காரக் குடும்பங்களில் கன்னடமோ தெலுங்கோ பேசுவோர் நிறைய. இந்தப் பிள்ளை வாசிக்கத் திணறும்போது, வாசிப்பு வரவில்லையா, தமிழே இன்னும் பிடிபடவில்லையா என்று பிரித்துப் பார்க்காமல் பின்தங்கிய குழுவில் உட்கார வைத்துவிடுகிறோம். வாசித்துப் புரிந்துகொள்வதற்கு எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்தே வேண்டும் என்று கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் எழுதினார்கள். அதை வைத்துச் சோதிப்பது சுலபம். ஒரு சிறு கதையை நீங்களே வாசித்துக்காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் எழுத்துப் பயிற்சி. கேட்டாலும் புரியவில்லை என்றால் அந்தக் குழந்தைக்கு முதலில் பேச்சும் கதையும் பாட்டும் படமும்தான் நிறைய வேண்டும். எழுத்துப் பயிற்சி பக்கத்திலேயே நடக்கட்டும். பதிலை வீட்டு மொழியில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், மொழி தெரிந்த இன்னொரு பிள்ளை உதவுவான்.

வகுப்பில் நடத்திய பாடத்தையே வாசிக்கக் கொடுத்துச் சோதிப்பதும் உண்டு. அந்தப் பாட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். கண் ஜன்னலில் இருக்க, வாய் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கும். முன்பு பார்க்காத பத்தியாக இருக்க வேண்டும், அதே அளவு கடினமாகவும் இருக்க வேண்டும்.

சரி, வேகம்? நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கைக் கையில் கடிகாரத்தோடு துரத்துவதை நான் ஏற்கமாட்டேன். ஒன்றிய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான நிபுண் பாரத் இரண்டாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் என்று இலக்கு வைத்தது. 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பது நமக்கு ஒரே சொல். இன்னொரு மொழியில் அதுவே மூன்று நான்கு சொல். மொழிக்கு மொழி சொல்லின் நீளம் மாறுவதால்தான் 2022-இல் நடந்த அடிப்படைக் கற்றல் ஆய்வு மொழிவாரியாகத் தனித்தனி அளவு வைத்தது. ஒரே குழந்தையின் சென்ற மாத வேகத்தோடு இந்த மாத வேகத்தை ஒப்பிடுங்கள், அது பயன்படும். வாசித்து முடித்ததும் பொருள் கேட்காமல் விடாதீர்கள்.

ஜூனில் சோதித்துப் பிரித்த குழு பொங்கல் வரை அப்படியே இருப்பதையும் பார்க்கிறோம். தடுமாறும் பிள்ளையை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாவது அதே முறையில் மறுபடி கேட்க வேண்டும். குறி பிடிபட்டிருந்தால் குழுவை மாற்றுங்கள். பிடிபடவில்லையென்றால் குழந்தையைக் குறை சொல்வதற்கு முன் நாம் கொடுத்த பயிற்சியை மாற்றிப் பாருங்கள். ஆண்டு நடுவில் வேறு ஊரிலிருந்து வந்து சேரும் பிள்ளைகளை அடுத்த பொதுச் சோதனை வரை காக்க வைக்காமல் சேர்ந்த வாரமே கேட்டுவிடுங்கள். எத்தனை முயன்றும் நகராத பிள்ளைக்குக் கண்ணும் காதும் சோதித்தாகிவிட்டதா, எத்தனை நாள் பள்ளிக்கு வந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக வீட்டுக்குச் சொல்லும் விதம். மில் ஷிப்டு முடிந்து வரும் அம்மா, 'ஏனுங்க டீச்சர், பையன் எப்படிப் படிக்கறானுங்க?' என்று கேட்டால், 'அவன் இன்னும் அரும்புதானுங்க' என்று சொல்லி அனுப்பாதீர்கள். அந்த அம்மாவுக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'எழுத்தெல்லாம் தெரியுதுங்க, கொம்பு போட்ட எழுத்து வந்தா மட்டும் நிக்கறானுங்க. பொழுதோட இந்த அட்டையில இருக்கற எட்டுச் சொல்லை அவனை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க' என்று சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீடாக இருந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் படம் வரைந்து கொடுங்கள். பையன் வாசித்தது சரியா என்று அம்மா படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.