அழிக்காமல் திருத்துவது

பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் கற்பிக்கிறேன். நால்வர் சேர்ந்து கூகுள் டாக்ஸில் ஒரு கட்டுரை எழுதும்படி சொல்லியிருந்தேன். ஒரு குழுவிடமிருந்து பிழையே இல்லாத கட்டுரை வந்தது. சந்தேகம் தட்டவே, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் பதிப்பு வரலாற்றைத் திறந்தேன். ஒரு மாணவி மூன்று முறை எழுதிய வாக்கியத்தை, நன்றாக எழுதும் இன்னொரு மாணவன் மூன்று முறையும் அழித்திருந்தான். நான்காம் முறை அவள் எழுதவே இல்லை. மனம் கனத்துவிட்டது.

அடுத்த வாரமே விதியை மாற்றினேன்: பிறர் வாக்கியத்தைப் பரிந்துரை முறையில் (மூலம் அழியாமல் திருத்தத்தை முன்வைக்கும் வசதி) மட்டுமே தொடலாம், காரணத்தைக் கருத்துரையில் எழுத வேண்டும், ஏற்பதும் மறுப்பதும் எழுதியவர் உரிமை. ‘நான் போனேன்’ என்பதற்கு அந்த மாணவி ‘ஹாபெ’ (habe) என்ற ஜெர்மன் துணைவினையைப் போட்டிருந்த இடத்தில், “போதல், வருதல் போன்ற வினைகளுக்கு இங்கே ‘பின்’ (bin) வரும்” என்ற குறிப்பு வந்தது. அவளே திருத்திக்கொண்டாள். இரண்டு பத்தி தள்ளி, அவன் வாக்கியத்தின் ஓரத்தில் அவள் எழுதிய குறிப்பும் இருந்தது.